தோழிக்கும் ஒருவன் இருந்தான்

குண்டசாலை
2025 பெப்ரவரி 9, ஞாயிறு

யோசப்பின்,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அப்படிப் போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

என் எண்ணை நீ தடுத்து ஏழு மாதம் ஆகிறது. அதனால்தான் தபால். உன் பாடசாலை விலாசத்தைக் கல்விக் காரியாலயத்தில் இருக்கும் ஷிராணியிடம் வாங்கினேன். அவளைக் கோபிக்காதே.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை உயர்தர வகுப்பில் அகப்பாட்டு நடத்தினேன். தினைப்புனத்துக்குப் பகலில் வந்து வந்து போகிற தலைவன், கலியாணப் பேச்சை எடுக்காமல் நாளைக் கடத்துகிறான். தோழி அவனைக் கண்டிக்கிறாள். நீயும் நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ தரம் படித்த இடம். மணி அடிக்கப் போகும் நேரத்தில் ஜஹானா என்ற பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"டீச்சர், இந்தத் தோழி எல்லா இடத்துலயும் நம்ம ஆளு, நம்ம கவலை எண்டே சொல்லுறா. அவட சொந்த ஆள் எங்க? அவ ஒருத்தரையும் விரும்பல்லையா?"

வகுப்பே சிரித்தது. அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இறுதி வருடத்தில் நீ தோழியைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினாய். அதன் பிரதி இருந்தால் அனுப்புவாயா? பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

இதோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. ஜூலையில் நீ வந்திருந்த அன்று அண்ணாவின் தொலைபேசியில் உன் செய்திகளைப் பார்த்து, நீங்கள் இருவரும் விரும்புகிறீர்கள் என்று அறிந்து, எங்கள் குசினியில் வைத்து உன்னிடம் ஒன்று சொன்னேன். கோபத்தில் வந்த வார்த்தை, ~~நீ அதைப் பெரிதாக எடுத்திருக்க~~ 

வெட்டியதை விட்டுவைக்கிறேன். நான் இன்னும் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று நீ பார்க்கலாம்.

தர்சிகா

*

ஹேவாஹெட்ட
2025 பெப்ரவரி 18

மதிப்புக்குரிய தர்சிகா மிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அதிபர் அலுவலகத்தில் வாங்கினேன். தோட்டத்துப் பாடசாலைக்குக் கையால் எழுதிய கடிதம் வருவது அபூர்வம், எல்லாரும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கட்டுரையின் பிரதி மஹய்யாவையில் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது எடுத்து அனுப்புகிறேன். உங்கள் மாணவிக்கு அவசரம் என்றால் பதிலை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

தோழி செவிலியின் மகள் என்று பழைய இலக்கணம் சொல்கிறது. செவிலி அந்த வீட்டுப் பெண்ணை வளர்க்க வந்தவள், பெற்றவள் அல்ல. அப்படியென்றால் தோழி யார்? அந்த வீட்டில் வேலைக்கு நின்றவளின் பிள்ளை. அடிமையாக இருப்பவர்களுக்கும் பிறர் ஏவலைச் செய்கிறவர்களுக்கும் அன்பின் ஐந்திணை இல்லை என்று அதே இலக்கணம் ஒதுக்கி வைக்கிறது. அவர்களுடைய ஆசையைப் பாட வேண்டுமென்றால் ஒருதலைக் காதலாகப் பாடு, அல்லது பொருந்தாத காதலாகப் பாடு என்று விட்டுவிடுகிறது. ஆணுக்காவது மடலேறி ஊரறியத் தன் ஆசையைச் சொல்ல வழி உண்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஏவல் செய்கிறவளின் மகளாகவும் பெண்ணாகவும் இருப்பவளுக்கு என்ன மிஞ்சும்? அடுத்தவளின் காதலைப் பற்றி நன்றாகப் பேசுவதுதான். ஜஹானாவிடம் சொல்லுங்கள், தோழிக்கும் யாராவது இருந்திருப்பான். கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை.

பதில் முடிந்தது. ஆனால் நீங்கள் ஜூலையைப் பற்றி எழுதியிருப்பதால் நானும் எழுதுகிறேன்.

பேராதனையில் நான்கு வருடம் உங்களுக்கும் ஜீவனுக்கும் நடுவில் நடந்தவள் நான். உங்கள் அம்மா கேட்டபோதெல்லாம் நூலகத்தில் இருந்தோம் என்று சொன்னவளும் நான்தான். நீங்கள் சண்டை பிடித்திருந்த மூன்று வாரமும், "நாங்க கோபமா இருக்கோம், நீங்க வந்து பேசுங்க" என்று ஜீவனிடம் போய்ச் சொன்னேன். நாங்கள் என்றுதான் சொன்னேன். எனக்கு அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை.

உங்கள் கலியாணத்தன்று ஜீவனின் மாமி என்னைக் காட்டி, "இது ஆர் பிள்ளை?" என்று உங்களிடம் கேட்டார். "எங்கட வீட்டுக்கு உதவியா வாற பிள்ளை, மாமி" என்றீர்கள். நான் உங்கள் சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அதன் பிறகும் வந்தேன். பெற்றோல் இல்லாத அந்த வருடத்தில் உங்கள் அண்ணா யதுர்சன் குண்டசாலையிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் என்னோடு நடந்து வந்துவிட்டுத் திரும்பி நடந்து போவார். அப்படித்தான் தொடங்கியது. முதலில் கேட்டது அவர். ஆறு மாதம் பதில் சொல்லாமல் இருந்தது நான். "நீ எங்கட வீட்டுக்கு வந்து போனது இதுக்குத்தானோ?" என்று நீங்கள் குசினியில் கேட்டபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போகத்தான் தோன்றியது.

ஓகஸ்டில் யதுர்சன் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டார் என்றும் அம்மா முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார் என்றும் யதுர்சனே என்னிடம் சொன்னார். அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் அதைச் சொல்லுங்கள். அம்மா மனம் மாறினால் வாருங்கள் என்று யதுர்சனிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறோம். பேச ஒன்றும் இருப்பதில்லை.

இப்படிக்கு,
சு. யோசப்பின்

*

குண்டசாலை
2025 பெப்ரவரி 25

யோசப்பின்,

மாமியிடம் அப்படிச் சொன்னது உண்மை. நினைவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நல்ல நினைவிருக்கிறது. சொன்ன உடனே திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாய். கேட்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று வருடமாக அந்த முடிவில் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஏன் சொன்னேன் என்றும் எழுதுகிறேன். சிநேகிதி என்று சொல்லியிருந்தால் எந்த இடம், தகப்பன் என்ன வேலை என்று மாமி அடுத்ததைக் கேட்டிருப்பார். மஹய்யாவை என்று சொல்லவும், உன் அப்பா மாநகர சபையில் தெருக் கூட்டியவர் என்று சொல்லவும் அந்த மேடையில் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் அப்பா வீட்டில் இல்லாத நாட்களில் ஜீவனைப் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போக வெட்கம் இருக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், பதிலுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து வாசி.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஓகஸ்டிலும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அண்ணா அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா மறுக்கவில்லை, யோசப்பின். அவரை யாரும் கேட்கவில்லை.

அவன் உன்னிடம் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். நீ போன அன்று பின்னேரம் அவனைக் கூப்பிட்டு, "அம்மா அறிஞ்சா செத்துப்போவா, வாயைத் திறந்திடாதை" என்றேன். அவன் என் வாயிலிருந்து வந்ததை அம்மாவின் பதிலாக்கி உனக்குக் கொடுத்திருக்கிறான். அவன் செய்தது கோழைத்தனம். அதைத் தொடக்கி வைத்தவள் நான்.

இன்னொன்று. ஒன்றும் அறியாத அம்மா அவனுக்குப் பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு டொக்டர் பிள்ளை. ஏப்ரல் லீவில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. அண்ணா அதற்கும் வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிறான்.

பாட்டில் இந்தக் கட்டம் வரும்போது தோழி போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். அறத்தொடு நிற்றல் என்று நீ பக்கம் பக்கமாக எழுதினாயே. இந்த முறை நான் போய் அம்மாவிடம் சொல்கிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

தர்சிகா

*

ஹேவாஹெட்ட
2025 மார்ச் 5, சாம்பல் புதன்

தர்சிகா,

உன் கடிதம் வந்து நான்கு நாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, நல்ல கோபம். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் அழுதேன். பக்கத்து அறை ஷாமலா டீச்சர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். "இல்ல டீச்சர், ஒருத்தங்க என்னைய வேணாம்னு சொல்லலையாம்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஏழு மாதமாக உன் அம்மாவின் முகத்தை மனதில் கொண்டுவந்து, இந்த வாய் என்னை முடியாது என்று சொன்னதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தர்சிகா. ஆறு வருடம் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட வாய். அது அப்படிச் சொல்லவில்லை என்பதே எனக்கு இப்போதைக்குப் போதும். நாளைக்கு உண்மையாகவே சொல்லலாம். சொன்னால் அது அவருடைய சொல்லாக இருக்கும். அதைத் தாங்கிக்கொள்வேன்.

நீ போய்ச் சொல்ல வேண்டாம். உன் நல்ல மனது விளங்குகிறது. பாட்டில் தோழிதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தலைவனுக்கு அந்த வீட்டுக்குள் வர முடியாது. உன் அண்ணா அந்த வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். அவருக்கு வாய் இருக்கிறது. கொக்குவில்காரியாக இருந்திருந்தால் அவர் மூன்று வருடம் பேசாமல் இருந்திருப்பாரா என்று அவரிடம் கேள். என் கேள்வியாகவே கேள், நாங்கள் என்று சொல்லிவிடாதே.

அவர் பேசவில்லை என்றால் கொக்குவிலுக்குப் போகட்டும். அந்த டொக்டருக்காகப் பரிதாபப்படுவேன்.

நீங்கள் என்று இரண்டு பக்கம் எழுதியது எனக்கே கஷ்டமாக இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

யோசப்பின்

*

குண்டசாலை
2025 மார்ச் 23, ஞாயிறு

அன்புள்ள யோசப்பின்,

அண்ணா பேசிவிட்டான்.

உன் கேள்வியை எழுதிய பக்கத்தை அப்படியே அவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் பொழுது படத்தான் வந்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன ஞாயிறு மத்தியானம் எல்லாரும் சாப்பிட இருக்கும்போது, கையைக் கழுவிவிட்டு வந்து நின்றுகொண்டு சொன்னான்.

"அம்மா, கொக்குவிலுக்குப் போக வேண்டாம். நான் யோசப்பினை விரும்பிறன். மூண்டு வருசம். அவவிட்டை நீங்கள் மறுத்திட்டியள் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

அம்மா முதலில் கேட்டதை உனக்கு மறைக்க மாட்டேன். "அவையள் ஆர் எண்டு உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். அண்ணா, "தெரியும்" என்றான். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுத்து, "எனக்கு இதிலை ஒரு ஆட்சேபனையும் இல்லை" என்றார். "விமலநாதன் ஐயாவை இப்ப ஆர் கேட்டது?" என்று அப்பாவைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டு அம்மா எழும்பிப் போய்விட்டார். ஜீவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கக் கூடாது என்று தண்ணீரைக் குடித்துப் புரைக்கேறி, அது வேறு பெரிய பாடு.

அதன் பிறகு நான்கு நாள் அம்மா அவனோடு கதைக்கவில்லை. பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"போன ஜூலையிலையிருந்து."

"தெரிஞ்சு என்ன செய்தனீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். குசினியில் உன்னிடம் கேட்டதையும், அம்மா செத்துப்போவா என்று அண்ணாவிடம் சொன்னதையும். கலியாண மேடையில் மாமியிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அம்மா தண்ணீர் வாளியோடு என் பக்கம் திரும்பினார்.

"நான் சாவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது? என்னைக் கேக்காமல் என்ரை பேரிலை நீ ஏன் பதில் சொன்னனீ?"

நான் நினைத்ததை அம்மாவின் வாயில் வைத்தேன் என்பதுதான் உண்மை. அம்மா வாளியை வைத்துவிட்டு, "எனக்கு மனம் ஒத்து வருதோ எண்டு இன்னும் தெரியேல்லை. யோசிக்க விடுங்கோ" என்றார். கொக்குவிலுக்கு அன்றைக்கே போன் எடுத்து வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இப்போது எல்லாரும் மெதுவாகத்தான் நடக்கிறோம். ஆனாலும் எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நன்றாக நித்திரை கொள்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, உண்மை அதுதான்.

அண்ணா சனிக்கிழமை ஹேவாஹெட்டைக்கு வருவான். நீ வரவேண்டாம் என்று சொன்னாலும் வருவானாம்.

தர்சிகா

*

ஹேவாஹெட்ட
2025 மார்ச் 31

அன்புள்ள தர்சிகா,

வந்தார். கண்டி பஸ்ஸில் வந்து, தோட்டத்து வாசலில் இறங்கி, மலை ஏறி நடந்து வந்தார். மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டேன். பாதி வழியில் திரும்பிப் போக மனம் வந்துவிடும் என்று பயந்து பஸ்ஸில் வந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பாடசாலைப் படியில் இருந்து பேசினோம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அம்மா மாட்டன் எண்டு சொல்லியிருந்தா, நான் உம்மோடை நிண்டிருப்பனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பயத்திலைதான் கேக்கேல்லை" என்றார்.

"இப்ப கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"அம்மா நாலு நாள் கதைக்கேல்லை. அஞ்சாம் நாளும் கதைக்காட்டி வீட்டை விட்டு வாறதெண்டு பையை அடுக்கிப்போட்டு இருந்தனான்" என்றார். "பயமாத்தான் இருந்தது."

அழகான பதில் இல்லை. அதனாலேயே நம்பினேன். இனி ஒரு பொய் சொன்னால், அது என் நன்மைக்காகவே இருந்தாலும், அன்றோடு முடிந்தது என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். வாயால் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

இப்போது எங்கள் பக்கத்துக் கதை. ஞாயிறு பூசை முடிந்து அப்பாவிடம் சொன்னேன். என் அப்பாவை உனக்குத் தெரியும், சுவக்கின் என்றால் மஹய்யாவையில் எல்லாருக்கும் வாயில்லாத மனிதர். முப்பத்திரண்டு வருடம் கண்டித் தெருக்களைக் கூட்டியவர், யாரோடும் சத்தமாகப் பேசியதில்லை. கேட்டு முடித்ததும், "வேணாம் பாப்பா" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "நான் குப்பை வண்டியோட போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னவங்களை எனக்குத் தெரியும். அந்த மாதிரி வீட்டுல என் புள்ள சோறாக்கிட்டு நிக்கிறத நான் பாக்க மாட்டேன். உன்னைய டீச்சராக்கினது அதுக்கில்ல."

அம்மா பக்கத்தில் இருந்து, "றீற்றா ஒண்ணும் பேச மாட்டா" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அப்பா அசையவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார். "அந்தம்மா நம்ம வீட்டுக்கு வரட்டும். வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும். மகனை அனுப்ப வேணாம்."

இவ்வளவு நாளும் நான் உங்கள் வீட்டுப் படி ஏற முடியுமா என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் ஒரு படி இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை படித்தும்.

உன் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. அப்பா சொன்ன வார்த்தையிலேயே சொல். மூக்குப் பொத்தியதையும் சேர்த்து.

யோசப்பின்

*

குண்டசாலை
2025 ஏப்ரல் 8

அன்புள்ள யோசப்பின்,

உன் கடிதத்தையே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். "அந்த மனுசன் கேக்கிறது நியாயம்" என்றார். பின்னேரம் அண்ணாவைக் கூப்பிட்டு, எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீருக்கு வந்து நின்றவர்களுக்கு நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார். என்னவென்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 26 சனிக்கிழமை வருவார். புத்தரின் தந்தத்தைக் காட்டும் தலதா தரிசனத்துக்கு ஊர் முழுக்கச் சனம், பாதையெல்லாம் மூடியிருக்கும், மே மாதம் போகலாம் என்று அப்பா சொன்னார். "வாறன் எண்டு சொல்லிப்போட்டு நாளை மாத்தினா அவையள் என்ன நினைப்பினம்?" என்று மறுத்துவிட்டார்.

நானும் வரட்டா என்று கேட்டேன். "நீ வேண்டாம்" என்றார். அண்ணா மட்டும் கூட வருவான், வாசல் வரைக்கும். ஆகவே அங்கே நடப்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும். ஒன்றும் விடாமல் எழுது.

தர்சிகா

*

மஹய்யாவை
2025 ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள தர்சிகா,

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒரு மணி ஆகியும் காணவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார், வியர்த்து முதுகெல்லாம் நனைந்துவிட்டது. "வர மாட்டாங்க" என்று ஒரு தரம் சொன்னார். ஒன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். பொலிஸ் வாகனங்களை விடவில்லையாம். உன் அம்மா அந்தச் சனத்துக்குள் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வருத்தத்தோடு. யதுர்சன் ஒரு கையில் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு நின்றார், அதில் வார் அறுந்திருந்தது.

என் அம்மா தண்ணீர் கொண்டு ஓடினார். உன் அம்மா குடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, "சுணங்கிப்போச்சு, குறை நினையாதேங்கோ" என்றார். அப்பா எழும்பி நின்று, "உள்ள வாங்கம்மா" என்றார். யதுர்சனையும் உள்ளே கூப்பிட்டார். வாசலில் நிற்க வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

பிறகு உன் அம்மாதான் தொடங்கினார்.

"நான் உங்களுக்குப் பொய் சொல்ல வரேல்லை. எனக்கு மனம் முழுசா வந்திட்டுது எண்டு சொன்னா அது பொய். ஊரிலை சனம் கதைக்கும். அந்தக் கதை எனக்கு நோகும். ஆனா உங்கட பிள்ளை ஆறு வருசம் எங்கட வீட்டுக்கு வந்து போனவ. நான் அவவை ஒருநாளும் உங்கட அம்மா அப்பா எப்பிடி இருக்கினம் எண்டு கேட்டதில்லை. அது நேற்றைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது. அதுக்குத்தான் முதல் வந்தனான். கலியாணம் பிறகு."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மனசு வந்திருச்சுன்னு சிரிச்சிக்கிட்டு சொல்லியிருந்தீங்கன்னா நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன். வரலைன்னு சொல்றீங்க பாருங்க. அப்ப வரும். நடந்து வேற வந்திருக்கீங்க."

"என் புள்ள வேலைய விட மாட்டா" என்று சேர்த்துச் சொன்னார். "ஏன் விட வேணும்?" என்று உன் அம்மா கேட்டார், உண்மையாகவே விளங்காதவர் போல.

பதிவுத் திருமணம், பிறகு எங்கள் பங்குக் கோவிலில் ஆசீர்வாதம், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளையார் கோவிலில் ஒரு பூசை என்று பேசி முடித்தார்கள். என்னைக் கேட்டுத்தான் முடித்தார்கள். உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பி, "உமக்குச் சரியோ?" என்று கேட்டார்.

இனி நடந்ததைக் கேள். மீன் இறைச்சி விலக்குகிற தவசு காலம் முடிந்துவிட்டதே என்று என் அம்மா இரண்டு கிலோ மீன் வாங்கிக் குழம்பும் பொரியலும் வைத்திருந்தார். வீடே மணந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் உன் அம்மா சங்கடப்பட்டுக்கொண்டு, "சனிக்கிழமையிலை நான் மச்சம் சாப்பிடுறேல்லை" என்கிறார். என் அம்மா தலையில் கை வைத்துவிட்டார். உன் அம்மா எழும்பி, "பருப்பு இருக்கோ? தேங்காயைத் தாங்கோ, சம்பல் நான் இடிக்கிறன்" என்று குசினிக்குள் போய்விட்டார். இரண்டு பேரும் அரை மணி நேரம் உள்ளே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு தரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. யதுர்சனும் அப்பாவும் முன்னால் இருந்து மீனைத் தின்று தீர்த்தார்கள்.

போகும்போது உன் அம்மா என் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அளவு சரியாக இருந்தது.

யோசப்பின்

*

குண்டசாலை
2025 மே 5

அன்புள்ள யோசப்பின்,

உன் கடிதத்தை ஜீவனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "நாலு வருசம் எங்களுக்காக நடந்த பிள்ளைக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை" என்றார். கலியாணத்துக்கு மாமியும் வருகிறார். மேடையில் அவர் கேட்பதற்கு முன்னமே நானாகவே உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போய், என் சிநேகிதி என்று சொல்வேன். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். கேட்டுவிட்டுத்தான் செய்வேன், அதையாவது படித்திருக்கிறேன்.

சேலை வாங்க எப்போது வருகிறாய்?

தர்சிகா

*

தலாத்துஓயா
2025 ஜூன் 22, ஞாயிறு

அன்புள்ள தர்சிகா,

போனில் பேசலாம்தான். கடிதம் எழுதிப் பழகிவிட்டது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கலியாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இவர் வேலை செய்கிற பல்லேகலைக்கும் ஹேவாஹெட்டைக்கும் நடுவில் இடம் தேடி, இரண்டு பேருக்கும் சம தூரம் என்று இவர் வரைபடத்தில் அளந்து எடுத்த வீடு. அளவு பிழை, என் பக்கம் தூரம் கூட. அவர் கிளம்புவது ஏழு மணிக்கு, என் பஸ் ஆறு பத்துக்கு. அதனால் காலைத் தேத்தண்ணி அவர் பொறுப்பு. முதல் மூன்று நாள் சாயம் கசந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்கு இப்படியா ஊற்றுவது என்று கேட்டேன். நாலாம் நாள் பரவாயில்லை.

அப்பா முந்தநாள் வந்தார். வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, பின்கட்டில் கிடந்த கதிரையை எடுத்து வந்து குசினி வாசலில் போட்டு உட்கார்ந்து, இவரோடு கிரிக்கெட் பேசத் தொடங்கிவிட்டார். போகும்போது, "தண்ணித் தாங்கிக்கு மூடி இல்ல, அடுத்த வாரம் கொண்டாறேன்" என்றார். அப்பா அடுத்த வாரம் வருவதாகச் சொல்கிற வீடு மஹய்யாவைக்கு வெளியே இது ஒன்றுதான்.

உன் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் போன் எடுக்கிறார். இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசுகிறார். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் அதை ஒளிக்கவில்லை என்பதால் பேச்சு லேசாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஜீவனையும் கூட்டிக்கொண்டு வா. சமையலுக்கு நீயும் நிற்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, தர்சிகா. மத்தியானம் சாப்பிட்ட பிறகு இவர் படுத்துவிட்டார். விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்தது. தொடவில்லை. மழை வந்தது. பின்படியில் போய் உட்கார்ந்தேன். எதிர் மலை மறைந்து, பிறகு கொஞ்சம் தெரிந்து, மறுபடி மறைந்தது. கால் நனைந்துவிட்டது. எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

யோசப்பின்